சிறு காட்டுப்பூனைகளை ஆய்வு செய்யத் தொடங்குவோருக்கு: அனுமதி முதல் கடிகாரம் வரை

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் காடுகளில் வாழும் சிறு பூனைகள் எந்த நேரத்தில் நடமாடுகின்றன, அவற்றுக்கு எப்படிப்பட்ட இடம் தேவைப்படுகிறது என்பதை முறையாகப் பதிவு செய்ய விரும்பும் கல்லூரி மாணவர்களுக்கும் இயற்கை ஆர்வலர்களுக்கும் இதை எழுதுகிறேன். விலங்கு கடக்கும்போது தானாகவே படம் எடுக்கும் கேமராவை மரத்தில் கட்டுவதுதான் இந்த வேலையின் கடினமான பகுதி என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் கேமரா கையில் வருவதற்கு முன்பே, விண்ணப்பத்திலும் நாட்காட்டியிலும்தான் பெரும்பாலான ஆய்வுகள் தடுமாறுகின்றன. ஒப்புதலுக்காகக் காத்திருந்து ஒரு பருவத்தையே இழந்த அனுபவம் எனக்கு உண்டு. அந்தக் காத்திருப்பு உங்களுக்கும் நேர வேண்டியதில்லை.

1. எந்தப் பூனை, என்ன கேள்வி என்பதை எழுதி வையுங்கள்

இப்பகுதியின் இலையுதிர் காடுகளிலும் முட்புதர்க் காடுகளிலும் நீங்கள் எதிர்பார்க்கக்கூடிய சிறு பூனைகள் முக்கியமாக இரண்டு. முதலாவது, காட்டுப்பூனை என்ற பெயரையே கொண்ட இனம். நீண்ட கால்கள், புள்ளியற்ற மணல்நிற உடல், நுனியில் கருவளையங்கள் கொண்ட குட்டையான வால், காதுநுனியில் சிறு கருமயிர் ஆகியவற்றால் இதை அடையாளம் காணலாம். புதர், புல்வெளி, கரும்புத் தோட்டம், நீரோரம் என எங்கும் வாழும். அந்தி, விடியல், இரவு ஆகிய வேளைகளில் அதிகம் நடமாடினாலும், பகலில் வெளிவருவதும் அரிதல்ல. இரண்டாவது துரும்பன் பூனை. ஆசியாவிலேயே மிகச் சிறிய பூனை இனமான இதன் எடை சுமார் ஒன்று முதல் ஒன்றரைக் கிலோவரைதான். உடலில் துருநிறப் புள்ளிகள் வரிவரியாக ஓடும். நெற்றியில் வெள்ளைக் கோடுகள் உண்டு. வாலில் தெளிவான வளையங்கள் இருக்காது. பெரும்பாலும் இரவில் இயங்கும் இது வறண்ட காடுகளையும் பாறைக் குன்றுகளையும் விரும்புகிறது. ஊர் ஓரத்திலும் பழைய கட்டடங்களிலும்கூடக் குட்டி ஈன்ற பதிவுகள் உண்டு. இந்தியா, இலங்கை, நேபாளம் ஆகிய மூன்று நாடுகளில் மட்டுமே வாழும் இந்த இனம், உலக அளவிலான பட்டியலில் அச்சுறு நிலையை அண்மித்த இனமாக வைக்கப்பட்டுள்ளது.

மூன்றாவதாகச் சிறுத்தைப் பூனையின் பெயரையும் விண்ணப்பத்தில் சேர்க்கும் ஆசை வரும். தென்னிந்தியாவில் அது பெரும்பாலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக் காடுகளையும் காபி, தேயிலைத் தோட்டங்களையும் சார்ந்தது. கடுமையான கோடை வெப்பம் அதன் பரவலுக்குத் தடையாக இருப்பதாக 2010இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று சொல்கிறது. ஆகவே, அதைத் தேடுவதையே நோக்கமாக வைத்து இங்கே திட்டம் போடாதீர்கள்.

கேள்வி ஒரே வரியில் இருக்க வேண்டும். "சிறு பூனைகளின் சூழலியல்" என்பது கேள்வி அல்ல. "ஊர்நாய்கள் அதிகம் திரியும் காட்டோரத்தில் காட்டுப்பூனையின் நடமாட்ட நேரம், உட்காட்டில் உள்ளதிலிருந்து மாறுபடுகிறதா" என்பது கேள்வி. எத்தனை கேமரா, எந்த மாதம், எந்த வனச்சரகம் என்ற அனைத்தும் இந்த ஒரு வரியிலிருந்துதான் பிறக்கும்.

2. நிலம் யாருடையது என்பதைப் பாருங்கள்

இங்கே நிலம் மூன்று வகை. மூன்றுக்கும் நடைமுறை வேறு.

முதல் வகை சரணாலயம். 2014இல் அறிவிக்கப்பட்ட காவேரி வடக்கு வன உயிரின சரணாலயம் சுமார் 504 சதுர கிலோமீட்டரும், 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்ட காவேரி தெற்கு வன உயிரின சரணாலயம் சுமார் 686 சதுர கிலோமீட்டரும் கொண்டவை. இரண்டும் இவ்விரு மாவட்டங்களில் பரவியுள்ளன. சரணாலயத்துக்குள் ஆய்வு செய்ய, 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆவது பிரிவின்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி தேவை. அவருடைய அலுவலகம் சென்னையில் உள்ளது. வனச்சரக அலுவலர் நல்ல மனிதராக இருந்து வாய்மொழியாகச் சம்மதித்தாலும் அது அனுமதி ஆகாது. அவர் மாற்றலாகிப் போன மறுநாள் உங்கள் நிலை என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

இரண்டாவது வகை, சரணாலயத்துக்கு வெளியே உள்ள காப்புக்காடு. இங்கும் அனுமதியின்றி நுழைவது தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். விண்ணப்பத்தைப் பிரித்துப் போடாமல், சரணாலயமும் காப்புக்காடும் சேர்ந்த ஒரே வரைபடத்துடன் ஒரே விண்ணப்பமாகக் கொடுப்பதே நல்லது.

மூன்றாவது வகை பட்டா நிலம். கேழ்வரகு வயல், மாந்தோப்பு, கரும்புத் தோட்டம், அவற்றை ஒட்டிய கரடு ஆகியவை இதில் அடங்கும். இங்கே உரிமையாளரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இருந்தால் கேமரா வைக்கலாம்; வனச்சரக அலுவலகத்துக்கு ஒரு தகவல் கடிதம் கொடுத்துவிடுவது மரியாதையும் பாதுகாப்பும் ஆகும். புதியவர்கள் இங்கிருந்து தொடங்குவதே புத்திசாலித்தனம் என்பது என் உறுதியான கருத்து. காட்டுப்பூனைக்கு எலிதான் முதன்மை இரை; எலி மிகுந்த வயலோரத்தில் அதைப் பதிவு செய்வது உட்காட்டைவிடப் பல நேரங்களில் எளிது. காட்டு அனுமதிக்காகக் காத்திருக்கும் மாதங்களில் தோப்பிலும் வரப்பிலும் பழகிக்கொள்ளலாம்.

3. விண்ணப்பக் கட்டைத் தயார் செய்யுங்கள்

தனிநபராக விண்ணப்பிப்பதைவிட ஒரு கல்லூரி, பல்கலைக்கழகம் அல்லது பதிவு பெற்ற அமைப்பின் வழியாக விண்ணப்பிப்பது பெருமளவு உதவும். விண்ணப்பக் கட்டுக்குள் இருக்க வேண்டியவை:

- நிறுவனத் தலைவரின் முகப்புக் கடிதம். வழிகாட்டிப் பேராசிரியரின் தன்விவரக் குறிப்பு
- நோக்கம், முறை, காலம், எதிர்பார்க்கும் பயன் ஆகியவை அடங்கிய ஆய்வுத் திட்டம்
- வனச்சரகம், காப்புக்காட்டின் பெயர், கேமரா வைக்கவுள்ள கட்டங்கள் ஆகியவை குறிக்கப்பட்ட வரைபடம்
- குழுவில் உள்ள ஒவ்வொருவரின் அடையாள அட்டை நகல், புகைப்படம், கைபேசி எண்
- வாகனத்தின் பதிவுச் சான்று, காப்பீடு, ஓட்டுநர் உரிமம்
- கேமராக்களின் வகை, எண்ணிக்கை, வரிசை எண்கள்
- நிதி எங்கிருந்து வருகிறது என்பதற்கான கடிதம்
- காட்டில் நேரும் ஆபத்துக்குத் தாங்களே பொறுப்பு என்றும், அறிக்கையை உரிய காலத்தில் தருவோம் என்றும் உறுதியளிக்கும் கடிதம்

விண்ணப்பங்கள் திரும்பி வரும் இடங்களை மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஆய்வுத் திட்டத்தில் "தேவைப்பட்டால் எச்சம் சேகரிக்கப்படும்" என்று மேலோட்டமாக ஒரு வரி எழுதினால், எவ்வளவு, எங்கே, எந்த ஆய்வகத்துக்கு என்ற கேள்விகளுடன் கோப்பு திரும்பும். எச்சம் வேண்டுமானால் தனிப் பத்தியாக விவரமாக எழுதுங்கள். இல்லையென்றால் அந்தச் சொல்லையே எடுத்துவிடுங்கள். டிரோன், இரவு நேர நடை, காட்டுக்குள் முகாம் ஆகியவற்றுக்கும் இதே விதி பொருந்தும். பூனையைப் பிடித்து, இருப்பிடம் காட்டும் கழுத்துப்பட்டை பொருத்துவது முற்றிலும் வேறு பிரிவின் கீழ் வரும் அனுமதி. சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள துரும்பன் பூனைக்கு அது மத்திய அரசுவரை செல்லும். முதல் ஆய்வில் அதைத் தொடவே வேண்டாம்.

சென்னைக்கு அனுப்பும் விண்ணப்பத்தின் நகலை தர்மபுரியில் உள்ள மண்டல வனப் பாதுகாவலர் அலுவலகத்துக்கும், நீங்கள் வேலை செய்யப்போகும் ஓசூர் அல்லது தர்மபுரி கோட்டத்தின் மாவட்ட வன அலுவலருக்கும் அதே நாளில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை வாங்கி வையுங்கள். மேலிடம் கருத்துக் கேட்டு எழுதும்போது கோட்ட அலுவலகத்தில் உங்கள் கோப்பு ஏற்கெனவே இருந்தால் பல வாரங்கள் மிச்சமாகும். அனுமதிக்கு ஆறு மாதம் ஆகும் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். முன்னதாக வந்தால் லாபம்.

ஆணை வந்தபின் அதை வரிவரியாகப் படியுங்கள். கட்டணம், உடன் வர வேண்டிய வேட்டைத் தடுப்புக் காவலர், நுழையும் நேரம், அறிக்கைக்கான கெடு அனைத்தும் நிபந்தனைகளாக அதில்தான் இருக்கும். நகலை வனச்சரக அலுவலகத்திலும் சோதனைச் சாவடியிலும் கொடுத்துவிட்டு, ஒன்றை வண்டியிலேயே வையுங்கள்.

4. மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

அக்டோபர், நவம்பர் தொடங்கிப் பிப்ரவரிவரை பன்னேர்கட்டா பக்கமிருந்து வரும் யானைக் கூட்டங்கள் ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, ஓசூர்ப் பகுதிகளில் கேழ்வரகு அறுவடையை ஒட்டி நடமாடும். பிப்ரவரி முதல் மே வரை காட்டுத்தீக் காலம். பணியாளர்கள் தீத்தடுப்பு வேலையில் இருப்பார்கள், உள்ளே செல்லக் கட்டுப்பாடும் வரலாம். செப்டம்பர், அக்டோபரில் மழை. எனவே எந்த மாதமும் முழு வசதியானது அல்ல. ஜனவரி பிற்பாதி முதல் மார்ச் வரையிலான காலம் ஒப்பளவில் நல்லது: புதர் அடர்த்தி குறைந்திருக்கும், பாதைகள் காய்ந்திருக்கும், வெயில் உச்சத்துக்கு வந்திருக்காது. இதிலிருந்து பின்னோக்கி எண்ணினால், விண்ணப்பம் ஜூலையிலாவது போய்ச் சேர வேண்டும்.

வெயிலைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இந்தக் கேமராக்கள் விலங்கின் உடல் வெப்பத்துக்கும் பின்னணியின் வெப்பத்துக்கும் உள்ள வேறுபாட்டை உணர்ந்துதான் இயங்குகின்றன. ஏப்ரல், மே மாத நடுப்பகலில் இங்குள்ள பாறைகள் விலங்கின் உடலுக்கு இணையாகவோ அதற்கு மேலாகவோ சூடாகிவிடும்போது, முன்னால் பூனை நடந்தாலும் கேமரா விழிக்காமல் போகலாம். அந்தத் தரவை வைத்து "காட்டுப்பூனை கோடையில் பகலில் நடமாடுவதில்லை" என்று எழுதினால், அது கருவியின் குறையைப் பூனையின் மீது ஏற்றுவதாகும்.

5. செலவுக் கணக்கு

திட்டமிடுவதற்கான தோராயத் தொகைகள் மட்டும் இவை. நம்பகமான தானியங்கி கேமரா ஒன்று 15,000 முதல் 30,000 ரூபாய் வரை. 5,000 ரூபாய்க்கு இணையத்தில் கிடைப்பவை தோப்பில் பழகுவதற்குப் பரவாயில்லை; படம் எடுக்கத் தாமதிப்பதால், குறுக்கே ஓடும் சிறு பூனையின் வால் மட்டுமே பதிவாகும். எட்டு பேட்டரி கொள்ளும் பத்து கேமராக்களை ஒரு முறை நிரப்ப 4,000 ரூபாய் ஆகும். நினைவக அட்டை ஒரு கேமராவுக்கு இரண்டு. இரும்புக் கூடு வெல்டிங் பட்டறையில் 1,000 ரூபாய்க்குள் முடியும். ஓசூரில் இதற்குப் பட்டறைகளுக்குக் குறைவில்லை. உள்ளூர் வழித்துணைக்கு நாள் கூலியும் சாப்பாடும் உண்டு. இதில் பேரம் பேசாதீர்கள். கேமராக்களில் பத்தில் ஒன்று திரும்பி வராது என்று கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். யானை மிதித்ததற்கு யாரும் இழப்பீடு தருவதில்லை.

6. கேமராவை வைக்கும் இடமும் உயரமும்

புலி, சிறுத்தைக் கணக்கெடுப்பைப் பார்த்து வருபவர்கள் முழங்கால் உயரத்தில், அகன்ற வண்டிப்பாதையில் கேமராவைக் கட்டுகிறார்கள். துரும்பன் பூனை கேமரா உணரும் பரப்புக்குக் கீழே நடந்து போய்விடும். சிறு பூனைகளுக்குத் தரையிலிருந்து 20 முதல் 30 செ.மீ. உயரமும், பாதையின் நடுவிலிருந்து ஒன்றரை முதல் இரண்டரை மீட்டர் தூரமும் பொருத்தம். சரிவான தரையாக இருந்தால் கேமராவின் முகம் தரைக்கு இணையாக இருக்குமாறு பின்னால் குச்சி செருகுங்கள். முன்னால் உள்ள புல்லை ஒட்ட அறுத்துவிடுங்கள்; காற்றில் ஆடும் ஒற்றைப் புல் ஒரு வாரத்தில் அட்டையை நிரப்பிவிடும். கிழக்கு, மேற்குத் திசைகளைத் தவிர்த்து வடக்கு அல்லது தெற்கு நோக்கி வையுங்கள்.

இடத்தைப் பொறுத்தவரை, பாதையில் மட்டுமே வைத்தால் பாதையில் நடப்பவற்றைப் பற்றி மட்டுமே அறிவீர்கள். வறண்ட பள்ளம், பாறைக் குவியலின் அடி, உன்னிச்செடிப் புதரின் ஓரம், வயல் வரப்பு, நீர்த்தேக்கத்தின் கரை என ஒவ்வொரு வகைக்கும் சம எண்ணிக்கையில் கேமராக்களைப் பிரித்து வையுங்கள். அவற்றுக்கிடையே அரைக் கிலோமீட்டராவது இடைவெளி இருக்கட்டும். இரை, மீன் வாசனை, கோழிக்குடல் எதையும் போடாதீர்கள். அது நடமாட்ட நேரத்தையே மாற்றிவிடும்.

மாட்டுப்பட்டிகளுக்கு அருகில் வைப்பது வீண். அஞ்செட்டி, உரிகம் பக்கம் காலையும் மாலையும் மந்தை நடக்கும் வழியில் ஒரு கேமரா இருந்தால், ஆயிரக்கணக்கான மாட்டுக் கால்களைப் பிரித்து அடுக்குவதிலேயே உங்கள் மாதம் கழியும். அத்துடன், புளி, கடுக்காய், விறகு சேகரிக்கப் போகும் மக்களின் படங்களும் விழும். முன்கூட்டியே ஊர்ப் பெரியவர்களிடமும் பெண்களிடமும் கேமரா இருக்கும் இடங்களைச் சொல்லிவிடுங்கள். பல ஊர்களில் தமிழோடு தெலுங்கோ கன்னடமோ தெரிந்த ஒருவர் உடனிருப்பது அவசியம். மனிதப் படங்களை நீக்கிவிடுவோம் என்ற நடைமுறையை ஆய்வுத் திட்டத்திலேயே எழுதி, அதன்படி நடந்துகொள்ளுங்கள். கேமரா காணாமல் போவதற்குத் திருட்டைவிடப் பெரிய காரணம், தன்னை யாரோ வேவு பார்க்கிறார்கள் என்ற நியாயமான கோபம்.

7. கடிகாரத்தைச் சரிபாருங்கள்

நடமாட்ட நேரம்தான் உங்கள் ஆய்வு. எனவே கேமராவின் கடிகாரம்தான் உங்கள் தராசு. 24 மணி நேர முறையில் வையுங்கள். 12 மணி நேர முறையில் முற்பகல், பிற்பகல் மாறிப்போனால் நள்ளிரவுப் பூனை நடுப்பகலில் உலாவும். கோடைக்கால நேரமாற்ற வசதி இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். சில வகைகளில் பேட்டரியைக் கழற்றியவுடன் தேதி தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பிவிடும். வைக்கும்போதும், பேட்டரி மாற்றும்போதும், எடுக்கும்போதும் ஜி.பி.எஸ். நேரம் காட்டும் கைபேசித் திரையைக் கேமராவின் முன் பிடித்து ஒரு படம் எடுக்க வையுங்கள். பின்னால் எவ்வளவு பிழை நேர்ந்தாலும் அந்தப் படங்களைக் கொண்டு திருத்திவிடலாம்.

நம் பகுதியில் சூரிய உதயம் ஜூன் தொடக்கத்துக்கும் ஜனவரி இறுதிக்கும் இடையே ஏறத்தாழ 50 நிமிடம் மாறுகிறது. பதிவுகள் பல மாதங்களுக்கு நீண்டால், கடிகார நேரத்தைச் சூரிய நேரமாக மாற்றிய பிறகே பருவங்களை ஒப்பிட வேண்டும்.

8. வாழிடப் படிவத்தை அன்றே நிரப்புங்கள்

ஒவ்வொரு கேமராவையும் சுற்றி 10 மீட்டர் ஆரத்தில் மர நிழல், புதர் அடர்த்தி, பாறையின் பங்கு, மரப்பொந்து, எலி வளை ஆகியவற்றையும், அருகிலுள்ள நீர், ஊர், சாலை, கல்குவாரி ஆகியவற்றின் தூரத்தையும் எழுதுங்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கடைசியாகச் சொன்னதை விட்டுவிடவே கூடாது. துரும்பன் பூனை பதுங்கும் பாறைக் கரடுகளும் கிரானைட் எடுக்கும் கரடுகளும் பல இடங்களில் ஒன்றே. நாய்களை வாழிடத்தின் ஒரு கூறாகவே கருதி, ஒவ்வொரு பதிவையும் நேரத்துடன் குறியுங்கள்.

9. படங்களைப் பிரித்துக் கணக்கிடுங்கள்

இரவுப் படங்கள் கறுப்பு வெள்ளையில் இருக்கும் என்பதால் துருநிறம் உதவாது. வடிவத்தையும் வாலையும் பாருங்கள். வாலில் பல வளையங்களும் நீண்ட முகமும் இருந்தால் அது புனுகுப்பூனை. உடலளவு நீளமான கறுத்த வால் மரநாய்க்கு உரியது. இவை பூனைக் குடும்பமே அல்ல. ஊர்ப்பூனையையும் தனியாகக் குறியுங்கள். ஐயமுள்ள படத்துக்கு "தெரியவில்லை" என்ற பத்தியை வைத்து, இருவர் தனித்தனியாகப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள்.

ஒரே கேமராவில் ஒரே இனம் 30 நிமிடத்துக்குள் மீண்டும் விழுந்தால் அதை ஒரே பதிவாகக் கொள்வது பரவலான வழக்கம். அடுத்து வருவது புதியவர்கள் தவறாமல் விழும் குழி: நேரங்களைக் கூட்டிச் சராசரி எடுப்பது. இரவு 11 மணிக்கும் 1 மணிக்கும் சராசரி எடுத்தால் நண்பகல் 12 என்று வரும். நேரம் வட்டம் என்பதால் வட்டப் புள்ளியியல்தான் பயன்பட வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் 'ஆர்' மென்பொருளில் 'ஓவர்லேப்', 'ஆக்டிவிட்டி' என்ற தொகுப்புகள் இதற்காகவே உள்ளன. பூனையும் நாயும் எந்த அளவுக்கு ஒரே நேரத்தில் நடமாடுகின்றன என்ற நேர ஒன்றிணைவைக் கணக்கிடும்போது, இரண்டில் குறைந்த பதிவு உள்ள இனத்துக்கு 50க்கும் குறைவாக இருந்தால் டெல்டா 1, 75க்கு மேல் இருந்தால் டெல்டா 4 என்ற கணக்கீட்டு முறையைப் பயன்படுத்துவது பரிந்துரை.

இருபது கேமராக்களை 45 இரவு வைத்தால் 900 கேமரா இரவுகள் ஆகும். எந்த நேரத்தில் எவ்வளவு நடமாட்டம் என்று காட்டும் நம்பகமான நடமாட்ட வளைவுக்கு ஓர் இனத்துக்கு நூறு பதிவுகளாவது நல்லது. துரும்பன் பூனை ஒரே பருவத்தில் அவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். குறைந்த பதிவுகளே இருந்தால் வளைவு வரையாமல், இத்தனை இரவில், இத்தனை அந்தியில் என்று எண்ணிக்கையை மட்டும் கொடுப்பதே நேர்மை. ஓரிடத்தில் படம் அதிகம் விழுந்தது என்பதற்காக அந்த வாழிடத்தைப் பூனை விரும்புகிறது என்றும் முடிவு கட்டாதீர்கள். வெட்டவெளியில் கேமராவுக்குப் பார்வை எளிது என்பதும் காரணமாகலாம். கண்டறியும் வாய்ப்பையும் சேர்த்து, ஓர் இனம் எந்த இடங்களில் வாழ்கிறது என்று கணக்கிடும் குடியிருப்பு மாதிரியை (occupancy model) கற்றுக்கொள்ளுங்கள்.

10. குட்டிகள், சடலங்கள், படப் பகிர்வு

கரும்பு வெட்டும் காலத்தில் பூனைக்குட்டிகள் தென்பட்டதாக விவசாயிகள் உங்களைத்தான் அழைப்பார்கள். கையில் எடுக்காதீர்கள், பால் ஊற்றாதீர்கள். அந்தப் பகுதியில் அன்றைய வெட்டை நிறுத்தி ஆட்களை விலகச் சொன்னால் தாய் பெரும்பாலும் இரவில் வந்து தூக்கிச் செல்லும். வனத்துறைக்குத் தகவல் தெரிவித்துவிடுங்கள். நெடுஞ்சாலையில் அடிபட்டுக் கிடக்கும் உடலைக் கண்டால் படமும் இடமும் நேரமும் பதிவு செய்து வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். உடலையோ தோலையோ எடுத்து வைத்திருப்பது, ஆய்வாளராக இருந்தாலும், சட்டச் சிக்கல். துரும்பன் பூனையின் படத்தை வெளியிடும்போது இடத் தகவலை நீக்கிவிட்டு, மாவட்டத்தின் பெயரோடு நிறுத்துங்கள்.

11. அறிக்கையும் நீட்டிப்பும்

கேமராக்களை எடுத்த அன்றே எண்ணிச் சரிபார்த்து வனச்சரக அலுவலகத்தில் எழுத்தில் தெரிவியுங்கள். ஆணையில் சொன்ன கெடுவுக்குள் அறிக்கையின் அச்சுப் பிரதியையும் மின் பிரதியையும் சென்னைக்கும் கோட்ட அலுவலகத்துக்கும் கொடுங்கள்; கோட்டத்துக்குத் தமிழில் இரண்டு பக்கச் சுருக்கத்தையும் இணைத்தால் வனக்காப்பாளர்களும் படிப்பார்கள். இன்னொரு பருவம் தேவை என்றால், நீட்டிப்பு விண்ணப்பத்தை அனுமதி முடிவதற்கு மூன்று மாதம் முன்பே, இடைக்கால அறிக்கையுடன் அனுப்பிவிட வேண்டும். நீட்டிப்பு கையில் வராத நிலையில் காலக்கெடு முடிகிறது என்றால் அதற்கு முந்தைய நாளே எல்லாக் கேமராக்களையும் கழற்றிவிடுங்கள். அனுமதி காலாவதியான பின் அவை காட்டில் இருப்பதே விதிமீறலாகி, அடுத்த விண்ணப்பத்தையும் பாதிக்கும்.